கையெழுத்துக்குக் காத்திருக்கும் பங்கு

தன் சொந்தப் பெயரில் பெரிய விற்பனை எதையும் இன்னும் காணாத ஒரு சிறு மென்பொருள் கம்பெனி. அதனிடம் பிறர் விரும்பத்தக்க ஒரு நுட்பம். அந்த நுட்பத்துக்கு உரிமம் பெற்றுத் தன் சரக்கோடு சேர்த்து உலகமெங்கும் விற்கக்கூடிய ஒரு மாபெரும் ஸ்தாபனம். இவ்விரண்டுக்கும் நடுவில், இன்னும் கையெழுத்தாகாமலோ, கையெழுத்தாகியும் ஷரத்துகள் வெளிப்படாமலோ நிற்கும் ஓர் ஒப்பந்தம். இந்த நான்கும் கூடிய இடத்தில் அந்தச் சிறு கம்பெனியின் பங்கை எப்படி எடைபோடுவது என்னும் கேள்வி, கணினித் தொழில் பங்குச் சந்தைக்கு வந்த நாள்முதல் முதலீட்டாளர்களைத் திகைக்கவைத்து வருகிறது. அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் 1990-களிலும் அதற்குப் பின்னும் இத்தகைய பங்குகள் பல தோன்றின. சில பன்மடங்கு உயர்ந்தன, சில ஒரே நாளில் பாதிக்கு மேல் மதிப்பிழந்தன, சில அடியோடு மறைந்தன. நீதிமன்றத் தீர்ப்புகளும், கம்பெனிகள் அரசாங்கத்திடம் தாக்கல் செய்த கணக்குகளும், சம்பந்தப்பட்டவர்களே பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளும் இன்று நம் கைக்கு எட்டுவதால், அன்று ஊகமாக இருந்ததை இன்று நிதானமாகப் பரீட்சித்துப் பார்க்க இடமிருக்கிறது.

இத்தகைய பங்கைப் பற்றிச் சந்தை வழக்கமாகக் கேட்பது ஒரே கேள்விதான்: ஒப்பந்தம் ஆகுமா, ஆகாதா? ஆகும் என்று வதந்தி பரவினால் விலை ஏறுகிறது. தாமதம் என்று செய்தி வந்தால் இறங்குகிறது. ஆனால் நடந்து முடிந்த விவகாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராயும்போது எனக்குத் தோன்றும் அபிப்பிராயம் வேறு. ஒப்பந்தம் ஆகுமா என்பதைவிட, ஆனபின் பணம் எந்தக் கணக்கின் வழியாக வரும், ஆகாவிட்டால் கம்பெனியிடம் என்ன மிஞ்சும், பெரிய ஸ்தாபனத்துக்கு இந்தச் சிறு கம்பெனியை விட்டால் வேறு வழி உண்டா இல்லையா என்பவையே பங்குதாரரின் கதியை நிர்ணயித்திருக்கின்றன. கையெழுத்தாகியும் கைக்கு ஒன்றும் வராத கம்பெனிகள் உண்டு. கையெழுத்தாகாமலே கோடிகளைப் பெற்ற கம்பெனியும் உண்டு.

கையெழுத்தாகியும் வராததற்கு ஸ்பைகிளாஸ் கம்பெனியைக் காட்டிலும் தெளிவான உதாரணம் இல்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான ஆராய்ச்சிப் பலன்களை வியாபாரமாக்கும் நோக்கத்தோடு 1990-ல் தொடங்கப்பட்ட இச்சிறு ஸ்தாபனம், அதே பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் பிறந்து 1993-ல் உலகப் பிரசித்தி பெற்ற மோசைக் என்னும் வலை உலாவிக்கான உரிமத்தை 1994-ல் பெற்றது. பெயரும் உரிமையும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தபோதிலும், உலாவியின் நிரலைத் தன் பொறியாளர்களைக் கொண்டே புதிதாக எழுதிக்கொண்டது. அதை நேரடியாகப் பொதுமக்களுக்கு விற்க முயலாமல், நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு உரிமமாக விற்றது. அவற்றுள் ஒன்று மைக்ரோசாஃப்ட். 1994 முடிந்து 1995 பிறக்கும் தறுவாயில் ஏற்பட்ட அந்த ஒப்பந்தத்தின் பயனாகவே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிறந்தது.

1995 ஜூன் மாதக் கடைசியில் ஸ்பைகிளாஸின் பங்குகள் 17 டாலர் விலையில் சந்தைக்கு வந்தன. ஆகஸ்டு 9 அன்று நெட்ஸ்கேப் 28 டாலருக்கு வெளியாகி அன்று மாலையே 58 டாலருக்கு மேல் முடிந்தபோது எழுந்த உற்சாகம் ஸ்பைகிளாஸையும் உயரே தூக்கிச் சென்றது. உலகிலேயே பெரிய மென்பொருள் ஸ்தாபனம் தன் உலாவிக்கு அடிப்படையாக இவர்களுடைய சரக்கைத்தானே எடுத்துக்கொண்டிருக்கிறது, இனி என்ன குறை என்று அன்றைய முதலீட்டாளர் எண்ணியதில் ஆச்சரியமில்லை. ஒப்பந்தம் ஆகுமா என்ற சந்தேகம்கூட அங்கே இல்லை, ஆகிவிட்டது. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் பிரகாரம், மைக்ரோசாஃப்ட் காலாண்டுதோறும் ஒரு குறைந்தபட்சத் தொகையைக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ராயல்டி என்பது உலாவியை விற்பதால் வரும் வருமானத்தைப் பொறுத்தது. மைக்ரோசாஃப்டோ உலாவியை விற்கவில்லை. விண்டோஸோடு சேர்த்துக் கொடுத்தது. பின்னர் யார் கேட்டாலும் இனாமாகவே வழங்கியது.

வாரத்துக்கு விட்ட நிலத்தின் விளைச்சலை, உழுதவன் சந்தையில் விற்காமல் ஊருக்கெல்லாம் தானமாக அள்ளிக் கொடுத்துவிட்டால், விற்ற பணத்தில் பாகம் என்று எழுதி வாங்கிய நிலச் சொந்தக்காரன் எந்த வாசலில் நின்று கேட்பான்? ஸ்பைகிளாஸின் நிலையும் அதுவே ஆயிற்று. உலாவி கோடிக்கணக்கான கணினிகளில் குடியேறியது. ராயல்டிக் கணக்கு மட்டும் குறைந்தபட்சத் தொகையைத் தாண்டவில்லை. அதைவிடக் கொடிய விளைவு இன்னொன்று: மைக்ரோசாஃப்ட் இனாமாகக் கொடுக்கும் பொருளுக்குப் பணம் கொடுத்து உரிமம் வாங்க மற்ற நூற்றுச் சொச்சம் கம்பெனிகளுக்கு இனி என்ன அவசியம்? ஆக, பெரிய வாடிக்கையாளரோடு செய்துகொண்ட உடன்படிக்கையே மற்ற வாடிக்கையாளர் அனைவரையும் கரைத்துவிட்டது. ஒப்பந்தத்தில் இருந்த தணிக்கை உரிமையைப் பயன்படுத்தப்போவதாக ஸ்பைகிளாஸ் எச்சரித்த பிறகு, 1997 ஜனவரியில் 80 லட்சம் டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டது. உலகின் பெரும்பான்மையோர் பயன்படுத்தப்போகும் ஒரு மென்பொருளின் அடிப்படைக்குக் கிடைத்த அந்தத் தொகையை எண்ணும்போது, 1995-ல் அந்தப் பங்கை உச்ச விலையில் வாங்கியவர்கள் எதை வாங்கினார்கள் என்ற கேள்வி மனத்தை விட்டு அகலுவதில்லை. அவர்கள் கையெழுத்தை வாங்கினார்கள். ஷரத்தை வாசிக்கவில்லை, அல்லது வாசிக்க அவர்களுக்கு வழியில்லை.

அந்த வழியில்லாமை இன்றும் பெரும்பாலும் அப்படியே இருப்பதால் அதைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்வது அவசியம். அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் விதிகள் 2004-ல் திருத்தப்பட்டதிலிருந்து, ஒரு கம்பெனி தன் சாதாரண வியாபாரத்துக்குப் புறம்பான முக்கிய ஒப்பந்தம் எதையேனும் செய்துகொண்டால் நான்கு வேலை நாட்களுக்குள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் இருதரப்பையும் கட்டுப்படுத்தாத உத்தேசக் கடிதத்துக்கு அந்தக் கடமை இல்லை. அதைப் பத்திரிகைச் செய்தியாக வெளியிடுவதும் வெளியிடாமல் விடுவதும் கம்பெனியின் இஷ்டம். ஒப்பந்தப் பிரதியை ஆணையத்திடம் தாக்கல் செய்யும்போதும், வியாபார ரகசியம் என்ற காரணத்தால் விலையும் ராயல்டி வீதமும் மறைக்கப்பட்டு, அந்த இடங்களில் நட்சத்திரக் குறிகளோ வெற்றிடமோதான் இருக்கும். ஆகவே படிப்பவருக்குத் தொகை தெரியாமல் போகலாம். ஆனால் தொகை எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்பது பெரும்பாலும் மறைக்கப்படுவதில்லை. பிரதி ஒன்றுக்கு இவ்வளவு என்றா, விற்பனை வருமானத்தில் இத்தனை சதவீதம் என்றா, ஒரேயடியாக ஒரு மொத்தத் தொகையா, குறைந்தபட்ச உத்தரவாதம் உண்டா, ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை யாருக்கு, எத்தனை மாத முன்னறிவிப்பில் என்பவற்றைப் பொறுமையுள்ள வாசகர் தேடி எடுத்துவிடலாம். என்னைக் கேட்டால், மறைக்கப்பட்ட எண்ணைக் காட்டிலும் மறைக்கப்படாத இந்தச் சொற்களிலேயே பங்கின் மதிப்பு பெரிதும் தங்கியிருக்கிறது.

கணக்கு எழுதும் முறையும் இங்கே கவனத்துக்குரியது. இன்றைய கணக்கியல் விதிகளின்படி, விற்பனையையோ பயன்பாட்டையோ சார்ந்த ராயல்டியை அந்த விற்பனை நடந்த பிறகே வருமானமாக எழுத முடியும். ஆனால் தயாராக உள்ள மென்பொருளுக்குக் கொடுக்கும் நிலையான உரிமத் தொகையை, அதைப் பயன்படுத்தும் உரிமை கைமாறியவுடனே பெரும்பாலும் முழுமையாக எழுதிவிடலாம். இதனால் மொத்தத் தொகைக்கு உரிமம் விற்ற கம்பெனியின் ஒரு காலாண்டு மட்டும் மலைபோல் உயர்ந்து, அடுத்த காலாண்டு மடுவாகத் தாழும். அந்த ஒரு காலாண்டு லாபத்தை நான்கால் பெருக்கி, அதற்கு ஒரு மடங்கு போட்டு விலை சொல்லும் பழக்கம் எவ்வளவு அபாயகரமானது என்பதற்கு எஸ்.சி.ஓ. கம்பெனியின் சரித்திரமே சாட்சி.

யூட்டா மாகாணத்து லிண்டன் நகரத்தில் இருந்த அந்த ஸ்தாபனம், லினக்ஸ் இயங்குதளத்தில் தன் யூனிக்ஸ் நிரலின் பகுதிகள் அனுமதியின்றிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லி, 2003 மார்ச்சில் ஐ.பி.எம். மீது நூறு கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்டும் சன் நிறுவனமும் அதனிடம் யூனிக்ஸ் உரிமம் வாங்கின. அந்தத் தொகை கணக்கில் ஏறியதும் கம்பெனியின் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு காலாண்டு லாபத்தில் முடிந்தது. அவ்வாண்டு தொடக்கத்தில் இரண்டு டாலருக்கும் கீழே கிடந்த பங்கு அக்டோபரில் இருபது டாலரைத் தாண்டியது; அதே மாதத்தில் முதலீட்டு ஸ்தாபனங்கள் 5 கோடி டாலரை அதில் கொண்டுவந்து போட்டன. லினக்ஸைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கம்பெனியும் செயலி ஒன்றுக்கு 699 டாலர் கொடுத்து உரிமம் வாங்க வேண்டும் என்று எஸ்.சி.ஓ. அறிவித்திருந்தது, உலகத்தில் ஓடும் லினக்ஸ் செயலிகளின் எண்ணிக்கையை 699-ஆல் பெருக்கிப் பார்த்தவர்களுக்குக் கண் கூசியிருக்கும்.

நடந்தது என்ன? 2003 நிதியாண்டில் 2 கோடியே 58 லட்சம் டாலராக இருந்த உரிம வருமானம், மறு ஆண்டில் பத்து லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. மைக்ரோசாஃப்டும் சன்னும் வாங்கியது ஒருமுறைக்கான சரக்கு. மற்றவர்கள் வாங்க முன்வரவே இல்லை. இதைவிட ஆழமான குறை ஒன்று வழக்கு தொடங்கிய மூன்றே மாதத்துக்குள் பகிரங்கமாகிவிட்டது. 1995-ல் யூனிக்ஸ் வியாபாரத்தை விற்றபோது பதிப்புரிமையைத் தான் விற்கவில்லை என்று நோவெல் 2003 மே மாதத்திலேயே அறிவித்தது. விற்க வந்தவனுக்கே சொத்தின்மேல் பட்டா உண்டா என்ற சந்தேகம் எழுந்த பிறகும் பங்கு இருபது டாலருக்கு மேல் உயர்ந்தது என்பதை நினைக்கையில் வருத்தமே மேலிடுகிறது. 2007 ஆகஸ்டு 10 அன்று, பதிப்புரிமை நோவெலுடையதே என்று நீதிபதி டேல் கிம்பால் தீர்ப்பளித்தார். செப்டம்பரில் கம்பெனி திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாடியது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதி ரத்தாகி, விஷயம் ஜூரிகளின் முன் சென்றது. 2010-ல் அவர்களும் நோவெலின் பக்கமே நின்றார்கள். ஐ.பி.எம்.மோடு இருந்த வழக்கு 2021-ல் 1 கோடியே 42.5 லட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. நூறு கோடியில் தொடங்கிப் பிறகு ஐந்நூறு கோடி வரை உயர்ந்த கோரிக்கை, பதினெட்டு ஆண்டுகள் கழித்து அடைந்த முடிவு அது. அந்தப் பணமும் திவாலான கம்பெனியின் சொத்துப் பொறுப்பாளரிடம் சேர்ந்ததேயன்றி 2003-ல் பங்கு வாங்கியவர்களிடம் அல்ல.

இதற்கு நேர்மாறாக, உரிமை ஐயத்துக்கு இடமின்றித் தன்னுடையதாக இருந்ததனால், ஒப்பந்தப் பேச்சு முறிந்தபோதும் பலன் பெற்றது ஸ்டேக் எலக்ட்ரானிக்ஸ். வன்தட்டில் உள்ள தகவலைச் சுருக்கி, இருக்கும் இடத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக் காட்டும் ஸ்டேக்கர் என்னும் மென்பொருளால் பெயர் பெற்ற இந்தக் கலிபோர்னியாக் கம்பெனி, 1992-ல் சந்தைக்கு வந்தது. அதே நுட்பத்தை எம்.எஸ்.-டாஸில் சேர்ப்பது பற்றி மைக்ரோசாஃப்ட் அதனோடு பேசியது. ராயல்டி விஷயத்தில் பேச்சு முறிந்தது. மைக்ரோசாஃப்டுக்கு வேறு வழி இருந்தது; வெர்ட்டிசாஃப்ட் என்னும் வேறொரு கம்பெனியிடமிருந்து அதே வேலையைச் செய்யும் நிரலை வாங்கி, 1993-ல் எம்.எஸ்.-டாஸ் 6.0-ல் சேர்த்து வெளியிட்டது. ஒப்பந்தத்தை மட்டும் நம்பி ஸ்டேக்கின் பங்கை வாங்கியவர் அன்று தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார். ஆனால் அந்த மாற்று வழி ஸ்டேக்கின் காப்புரிமைகளின் குறுக்கே சென்றது. 1994 பிப்ரவரியில் ஜூரிகள், விற்ற பிரதி ஒவ்வொன்றுக்கும் 5.50 டாலர் என்று கணக்கிட்டு 12 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தார்கள். எதிர்வழக்கில் மைக்ரோசாஃப்டுக்கும் 1 கோடியே 36 லட்சம் டாலர் கிடைத்தது. ஜூன் மாதத்தில் இரு தரப்பும் சமரசமாகி, 43 மாதங்களில் 4 கோடியே 30 லட்சம் டாலர் ராயல்டியாகக் கொடுப்பதற்கும், ஸ்டேக்கின் பங்குகளில் 3 கோடியே 99 லட்சம் டாலர் முதலிடுவதற்கும் மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது.

இந்த வெற்றியையும் மிகைப்படுத்தக் கூடாது. தீர்ப்பு வந்த சில மாதங்களுக்குள்ளாகவே மைக்ரோசாஃப்ட் சுருக்கும் வசதியை நீக்கி ஒரு பதிப்பும், வேறு முறையில் எழுதிய சுருக்கு நிரலோடு 6.22 என்ற அடுத்த பதிப்பும் வெளியிட்டுவிட்டது. காப்புரிமை பெரிய ஸ்தாபனத்தைக் கட்டிப்போடுவது, அது சுற்றுவழி ஒன்றை எழுதி முடிக்கும் வரையில்தான். அதற்குள் வன்தட்டின் விலையும் விழுந்துகொண்டே வந்தபடியால், இடத்தைச் சுருக்கிச் சேமிக்க வேண்டும் என்ற தேவையே மங்கிப்போயிற்று. ராயல்டி 43 மாதங்களில் முடியும் என்பது சமரச நாளிலேயே தெரிந்த விஷயம். அதற்குப் பின் இந்தக் கம்பெனியின் தொழில் என்ன என்று கேட்டவர்தான் சரியாக எடைபோட்டிருப்பார்.

ஜான்-லூயி காஸே தொடங்கிய பீ என்னும் கம்பெனியின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1999 ஜூலையில் பங்கு ஒன்று 6 டாலராக வெளிவந்த அது, தன் இயங்குதளத்தைக் கணினி உற்பத்தியாளர்கள் விண்டோஸோடு கூடவே பதித்து விற்பார்கள் என்று நம்பியிருந்தது. ஆனால் அந்த உற்பத்தியாளர்கள் மைக்ரோசாஃப்டோடு செய்துகொண்டிருந்த வேறொரு உரிம ஒப்பந்தம் அதற்குத் தடையாக நின்றது. ஹிட்டாச்சியின் ஒரு கணினியில் பீயின் இயங்குதளம் உள்ளே இருந்தும், அதைத் திறக்கும் வழி பயனருக்குக் காட்டப்படவில்லை. 2001-ல் பாம் நிறுவனம் 1 கோடியே 10 லட்சம் டாலர் பெறுமானப் பங்குகளைக் கொடுத்து அதன் சொத்துகளை வாங்கிக்கொண்டது. சிறு கம்பெனியின் ஒப்பந்தத்தை மட்டும் படித்தால் போதாது, எதிர்த்தரப்பு பிறரோடு செய்துகொண்டிருக்கும் ஒப்பந்தங்களும் கணக்கில் வந்தாக வேண்டும் என்பது அந்தப் பங்குதாரர்கள் விலை கொடுத்துக் கற்றது.

காலத்தின் கணக்கை இன்டர்ட்ரஸ்ட் காட்டுகிறது. இசை, நூல், திரைப்படம் ஆகியவற்றை மின்வடிவில் களவுபோகாமல் காக்கும் நுட்பங்களுக்குக் காப்புரிமை பெற்றிருந்த இந்த நிறுவனம், 1999 அக்டோபரில் சந்தைக்கு வந்து, மறு ஆண்டுத் தொடக்கத்தில் வானளாவிய விலையை எட்டிப் பின் விழுந்தது. 2001 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கையில், 2002 நவம்பரில், சோனியும் பிலிப்ஸும் கூட்டாளிகளோடு சேர்ந்து பங்கு ஒன்றுக்கு 4.25 டாலர் வீதம் ஏறத்தாழ 45 கோடியே 30 லட்சம் டாலருக்குக் கம்பெனியை முழுவதுமாக வாங்கிக்கொள்ள முன்வந்தன. 2004 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் 44 கோடி டாலர் கொடுத்து உரிமம் பெற்றது. அதாவது, கொடுத்த விலை ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரே உரிமத்தால் புது உரிமையாளருக்குத் திரும்பிவிட்டது. காப்புரிமைகளும் அவர்களிடமே இருந்தன. ஒப்பந்தம் வரும் என்று நம்பிய பழைய பங்குதாரரின் மதிப்பீடு பிசகவில்லை. வரும்வரை காத்திருக்கும் ஸ்திதி அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

இனி எண்களுக்கு வருவோம். பெஞ்சமின் கிரஹாம், இத்தகைய ஒரு நிகழ்ச்சியை நம்பி நிற்கும் பங்குகளைத் தனி வகையாகவே பிரித்து, நிகழ்ந்தால் வரும் லாபத்தை அதன் சாத்தியத்தாலும், நிகழாவிட்டால் வரும் நஷ்டத்தை அதன் எதிர்ச் சாத்தியத்தாலும் பெருக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, அதைக் கொடுக்கும் விலையாலும் காத்திருக்கும் ஆண்டுகளாலும் வகுக்கும் ஒரு சூத்திரத்தை வகுத்திருந்தார். அவருடைய மாணவர் வாரன் பஃபெட், 1988-ஆம் ஆண்டுக்கான தம் பங்குதாரர் கடிதத்தில், இதே ரகக் காரியங்களில் தாம் ஆராயும் நான்கு விஷயங்களைக் கூறுகிறார்: நிகழ்ச்சி நடக்கும் சாத்தியம், பணம் முடங்கிக் கிடக்கும் காலம், இன்னும் மேலான ஏதேனும் நேரும் வாய்ப்பு, நடக்காமற்போனால் நேரும் விளைவு.

கற்பனையான ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். இன்றைய விலை 5 டாலர். ஒப்பந்தம் ஆனால் 12 டாலர் பெறும். ஆகாவிட்டால் கையிருப்பு ரொக்கமும் எஞ்சிய சிறு வியாபாரமும் சேர்ந்து 1.50 டாலர் பெறும். நஷ்ட எல்லையிலிருந்து இன்றைய விலை வரை 3.50, லாப எல்லை வரை 10.50. ஆகவே சந்தை ஒப்பந்தத்துக்கு மூன்றில் ஒரு பங்கு சாத்தியம் கொடுக்கிறது. அதைவிடச் சாத்தியம் அதிகம் என்று உறுதியாக நம்புகிறவர் வாங்கலாம் என்று தோன்றும். ஆனால் பேச்சு இரண்டு ஆண்டு இழுத்துக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கிடையில் சம்பளம் கொடுக்கக் கம்பெனி, இருக்கும் பங்குகளில் கால்வாசி அளவுக்குப் புதுப் பங்குகளை வெளியிடுகிறது. 12 டாலராக இருந்த மதிப்பு 9.60 ஆகிறது. ரொக்கம் கரைந்து, அடிமட்ட மதிப்பும் 1.50-லிருந்து 0.75 ஆகிறது. இப்போது அதே 5 டாலர் விலையை நியாயப்படுத்த ஏறத்தாழ 48 சதவீதச் சாத்தியம் வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் புதிதாகத் தெரியவராமலே, வெறும் காலம் கடந்ததால் மட்டும், மூன்றில் ஒன்றாக இருந்த தேவை பாதியை நெருங்கிவிட்டது. பத்திரிகைச் செய்திகளைத் தேடி ஓடுகிறவர்கள், காலாண்டு அறிக்கையில் ரொக்க இருப்பும் மாதச் செலவும் எழுதியிருக்கும் அந்த இரண்டு வரிகளை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கையில் இருக்கும் ரொக்கம் எத்தனை மாதத்துக்கு வரும் என்பது பேரம் பேசும் மேஜையில் எதிரே இருப்பவருக்கும் தெரியும். கணக்கு பகிரங்கமானது. ரொக்கம் தீரும் மாதம்வரை காத்திருந்தால் விலை தானாக இறங்கும் என்பதைப் பெரிய ஸ்தாபனத்தின் பிரதிநிதி அறியாதவரல்லர்.

நிகழ்ச்சியின் சாத்தியத்தை மட்டும் இந்தச் சூத்திரம் நமக்குத் தராது. அதை வேறிடத்திலிருந்து நாமே கொண்டுவர வேண்டும். அந்த வேறிடம், என் எண்ணத்தில், பெரிய ஸ்தாபனத்தின் அவசரம்தான். சிறு கம்பெனியின் தலைவர் பேட்டியில் சொல்லும் நம்பிக்கை மொழிகளில் அது கிடைக்காது. அந்த நுட்பத்தைப் பெரிய ஸ்தாபனம் தானே எழுதிக்கொள்ள எத்தனை ஆண்டு ஆகும், அத்தனை ஆண்டு தாமதித்தால் அதற்கு என்ன நஷ்டம் என்ற கேள்விகளுக்கு அதன் போட்டியாளர்களைப் பார்த்தே விடை காண முடியும்.

இந்தக் கோணத்தில் சிட்ரிக்ஸ் கம்பெனியின் 1997-ஆம் ஆண்டு வசந்த காலத்தை ஆராய்வது மிகுந்த பயன் தருவது. ஐ.பி.எம்.மில் இயங்குதளப் பணியில் இருந்த எட் ஐக்கபூச்சி 1989-ல் தொடங்கிய இந்த ஸ்தாபனம், மைக்ரோசாஃப்டிடமிருந்தே விண்டோஸ் என்.டி.யின் மூல நிரலுக்கு உரிமம் பெற்று, ஒரே கணினியில் பலர் ஒரே சமயத்தில் வேலை செய்யும்படி அதை மாற்றி, வின்ஃபிரேம் என்ற பெயரில் விற்றுவந்தது. 1995 டிசம்பரில் சந்தைக்கு வந்தது. அவ்வாண்டு ஒன்றரைக் கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக இருந்த விற்பனை, 1996-ல் 4 கோடியே 40 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் கையில் இருந்த உரிமம் என்.டி. 3.51-க்கு உரியது, அடுத்த பதிப்பான 4.0-க்கு உரிமம் கிடைத்தபாடில்லை. 1997 பிப்ரவரியில், இந்த வசதியைத் தானே உருவாக்க உத்தேசித்திருப்பதாக மைக்ரோசாஃப்ட் தெரிவித்த செய்தி வெளியானதும், பங்கு ஒரே நாளில் ஏறத்தாழ அறுபது சதவீதம் விழுந்தது.

அதற்கு மறுநாள் காலை, நிதானமுள்ள ஒருவர் இந்தப் பங்கை எவ்வாறு எடைபோட்டிருக்கலாம்? ஒப்பந்தம் ஆகாதென்றே வைத்துக்கொண்டாலும், விற்பனையிலும் லாபத்திலும் இருக்கும் கம்பெனி இது, கடனில்லை, ரொக்கம் தீர்ந்துபோகும் என்ற பயமில்லை. பழைய பதிப்புக்குரிய உரிமம் உடனே பறிபோகப்போவதில்லை. பயனரின் திரைக்கும் மையக் கணினிக்கும் இடையே தகவலைக் கொண்டுசெல்லும் ஐ.சி.ஏ. என்னும் நெறிமுறை முழுக்க முழுக்கச் சிட்ரிக்ஸின் சொந்தச் சொத்து. மேக், யூனிக்ஸ், பழைய டாஸ் இயந்திரங்கள் ஆகியவற்றிலிருந்தும் விண்டோஸ் நிரல்களை இயக்க அதுவே வழி. மறுபக்கத்தில் மைக்ரோசாஃப்டின் அவசரம் எத்தகையது? ஆரக்கிளும் சன்னும் அப்போது விண்டோஸே தேவைப்படாத மலிவான வலைக் கணினி என்ற கருத்தைப் பெருமுழக்கத்தோடு பரப்பிக்கொண்டிருந்தன. அதற்கு எதிர்விடையாக, மலிவான முனையங்களிலும் விண்டோஸ் நிரல்களை ஓட்டிக்காட்ட வேண்டிய நிர்ப்பந்தம் மைக்ரோசாஃப்டுக்கு இருந்தது. புதிதாக எழுதிக்கொள்ளத் திறமை உண்டு, அதற்குரிய அவகாசம் இல்லை.

மே மாதத்தில் உடன்படிக்கை ஏற்பட்டது. பன்முகப் பயனர் நுட்பத்துக்காக மைக்ரோசாஃப்ட் 7.5 கோடி டாலரை முன்பணமாகவும், பின்னர் 10 கோடி டாலர் வரை ராயல்டியாகவும் கொடுக்க ஒப்புக்கொண்டது. காலம் ஐந்து ஆண்டுகள். முன்பணம் மட்டுமே சிட்ரிக்ஸின் முந்தைய ஆண்டு மொத்த விற்பனையைவிட அதிகம். ஆயினும் இந்த ஒப்பந்தத்தின் மேன்மை அந்தத் தொகையில் அல்ல, கொடுக்காமல் வைத்துக்கொண்டதில் இருந்தது. ஐ.சி.ஏ. நெறிமுறையைச் சிட்ரிக்ஸ் தன்னிடமே நிறுத்திக்கொண்டது. 1998-ல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் என்.டி.யின் டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டபோது, அதன்மேல் அமரும் மெட்டாஃபிரேம் என்னும் தன் சரக்கைச் சிட்ரிக்ஸ் அதே ஆண்டில் வெளியிட்டது. விண்டோஸ் அல்லாத இயந்திரங்களையும் இணைக்க விரும்பிய அலுவலகங்கள் மைக்ரோசாஃப்டின் பதிப்பை வாங்கிய கையோடு மெட்டாஃபிரேமையும் வாங்க வேண்டியிருந்தது. 1997-ல் 12 கோடி டாலரைத் தாண்டிய சிட்ரிக்ஸின் விற்பனை, 1998-ல் ஏறத்தாழ 25 கோடியாக உயர்ந்தது.